சொல்லாததற்கு நன்றி

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று ஒரு வேலையும் உருப்படியாக ஓடவில்லை. கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடியில் வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, உலகமே சாஞ்சு தெரியுது" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரியுது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன்.

காரணம் தெரியாதா என்ன? என் மனைவிக்கு நகரத்தில் இடம் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தவள், இனி அதற்கென்று ஒரு படிப்பு இல்லாவிட்டால் வேலையில் இருக்க முடியாதாம். புது விதி. நம் ஊர்க் கல்லூரியில் அந்தப் படிப்பு உண்டு, ஆனால் பகலில். பகலில் படித்தால் சம்பளம் யார் தருவார்? நகரத்தில் வேலையும் படிப்பும் சேர்ந்தே தருகிறார்கள். விடுதியில் தங்க வேண்டும். இரண்டு வருஷம். வருகிறேனா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டு வருஷம்தானேங்க, கண் மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்" என்கிறாள். கண்ணைப் பற்றி என்னிடமா சொல்கிறாள்? நான் "போயிட்டு வா" என்று பெரிய மனுஷன்போலச் சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து நாற்காலியில் உட்கார முடியவில்லை.

சாயந்திரம் கல்லூரி முதல்வருக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை எங்கள் சேவைச் சங்கக் கூட்டத்தில் அந்த அம்மாதான் பேசுகிறார். தலைப்பு, 'வளரும் நம் கல்லூரி'. சங்கத் தலைவருக்கு நன்றியுரை விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. பொத்தாம்பொதுவாக நன்றி சொல்லக் கூடாது, பேச்சாளர் சொன்னதில் ஒன்றை எடுத்துச் சொல்லி நன்றி கூற வேண்டும். நன்றி சொல்ல வேண்டிய செயலாளர் நான் எங்கே பேச்சைக் கேட்பது? டீ வந்ததா, நாற்காலி போதுமா என்று அலையவே நேரம் சரியாக இருக்கிறது. அதனால் நான் முன்கூட்டியே போன் போட்டு, என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டு, ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடுவேன். செயலாளர் ஆன நாள் முதல் இதே வழக்கம்தான். ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை.

முதல்வர் புதுக் கட்டடம், நாலு மாடி, லிப்ட், நூலகம் என்று அடுக்கினார். கடைசியில், "ஆய்வகப் படிப்புக்கு ஜூன்ல சாயந்திரப் பிரிவு ஒண்ணு ஆரம்பிக்கறோம். அதையும் உங்க கூட்டத்துலயே அறிவிச்சுடறேன் சார்" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். சாயந்திரப் பிரிவு! பகலில் வேலை, சாயந்திரம் படிப்பு, ராத்திரி வீடு.

அவளிடம் இப்போது சொல்லக் கூடாது. வாய் வார்த்தை. மேடையில் அறிவிக்கட்டும்.

ஏப்ரல் 8, புதன்

அட்டை எழுதியாகிவிட்டது. இந்த ஒரு நன்றியுரையைத்தான் மனசார எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் நான்?

ஒழுங்காக எழுதுகிறேன். எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

மத்தியானக் கூட்டம். தலைவர் தொடக்க மணி அடித்தார். முன்வரிசையில் தூங்குமூஞ்சியார் வழக்கம்போலக் கண்ணை மூடினார். ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குத் தலைமையாக இருந்து ஓய்வு பெற்றவர். தொடக்க மணிக்குத் தூங்கி, முடிவு மணிக்கு எழுந்து, டீ குடித்துவிட்டுப் போவார். முதல்வர் அம்மா பேச எழுந்ததும் மைக் கரகரவென்று இரைந்து செத்தது. பக்கத்து மண்டபத்தில் ஒயர் இருக்கும் என்று ஓடினேன். அங்கே காவலாளி சாவியைத் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார்.

ஒயரோடு திரும்பி வந்தபோது கைதட்டல். அந்த அம்மா மைக் இல்லாமலேயே பேசி முடித்துவிட்டார். தலைவர் என்னைப் பார்த்து 'நன்றியுரை' என்று கை காட்டினார். தோளில் ஒயர் தொங்க, மூச்சு வாங்க, அட்டையை எடுத்து வாசித்தேன். "வரும் ஜூன் முதல் ஆய்வகப் படிப்பில் மாலைப் பிரிவு தொடங்கும் என்று இந்த மேடையில் அறிவித்த முதல்வர் அவர்களுக்கு, பகலெல்லாம் உழைக்கும் நம் ஊர் மக்கள் சார்பில்..."

அவ்வளவுதான். பின்வரிசை எழுந்து நின்று தட்டியது. தூங்குமூஞ்சியாரே கண் விழித்துத் தட்டினார். முதல்வர் பாதி எழுந்து கையைத் தூக்கினார். என்னை வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கும்பிட்டேன், முட்டாள். அதற்குள் தலைவர் முடிவு மணியை அடித்துவிட்டார். எங்கள் சங்கத்தில் முடிவு மணிக்குப் பிறகு மேடையில் யாரும் மூச்சு விடக் கூடாது. அது தலைவரின் இன்னொரு கண்டிப்பு. அந்த அம்மா அப்படியே உட்கார்ந்தார்.

வழியனுப்ப வாசலுக்குப் போனேன். காரில் ஏறப் போனவர் திரும்பினார்.

"சார், நான் அதைச் சொல்லவே இல்லையே."

"முந்தாநாள் போன்ல நீங்கதானே மேடம்..."

"முந்தாநாள் சொன்னது முந்தாநாளோட சரி. இன்னிக்குக் காலையில நிர்வாகக் குழு நிறுத்திட்டாங்க. முதல்ல கட்டடம், மத்ததெல்லாம் அப்புறம்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் நான் அந்தப் பேச்சையே எடுக்கல. பண்ணாத காரியத்துக்கு எனக்கு நன்றி சொல்லி, ஊரைக் கைதட்ட வெச்சுட்டீங்களே!"

மச்சானைத் தேடினேன். அவள் தம்பி, உள்ளூர்ப் பத்திரிகை நிருபர், கூட்டத்துக்கு வந்திருந்தான். வண்டியைக் காணோம். போன் போட்டேன். எடுக்கவில்லை. அச்சுக்குப் போகும் நேரத்தில் அவன் எப்போது எடுத்திருக்கிறான்?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அட்டை எழுதிக் கெட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

நான் எழுவதற்கு முன்பே பத்திரிகை வந்து, அவள் படித்து, பக்கத்து வீட்டிலும் படித்துக் காட்டிவிட்டாள். 'கல்லூரியில் மாலைப் பிரிவு: கூட்டத்தில் பலத்த கைதட்டல்.' நாலு மாடிக் கட்டடம் கடைசி வரியில் கிடக்கிறது.

"ஏங்க, ராத்திரியே சொல்ல மாட்டீங்களா? நன்றியுரையே நீங்கதானாமே!"

"ஆமா... அது வந்து..."

"போட்டோ போடல அப்பா, தப்பிச்சோம்" என்றாள் மகள்.

அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அவள் பாடி எத்தனை நாளாகிறது! அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்? கடைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சாயந்திரம் சொல்லிவிட வேண்டும்.

சாயந்திரம் விருந்தாளிகள்.

நாளைக்குக் காலையில் கண்டிப்பாக.

ஏப்ரல் 11, சனி

காலையில் அவள் சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கே போனேன். ஆய்வக வாசலில் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இடம் வேண்டாம்னு நகரத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேங்க. இப்பதான். நிம்மதியா இருக்கு."

சொன்னேன். அங்கேயே, மருந்து வாடையில், போகிற வருகிறவர்களுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"வியாழக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் போகக் கூடாதுன்னுதானே?"

"ஐயோ, இல்லம்மா. சத்தியமா கை தவறி..."

"கை தவறினது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை எது தவறிச்சு?"

உள்ளே போய்விட்டாள். கதவு தானாக மெல்ல மூடிக்கொள்ளும் ரகம். அது மூடி முடிக்கும்வரை நின்றேன்.

நகரத்துக்கு நானே போன் செய்தேன். கெஞ்சினேன். அந்த இடம் அடுத்து வரிசையில் இருந்த பெண்ணுக்குப் போய்விட்டதாம். "ரொம்ப சந்தோஷப்பட்டாங்க சார்" என்று வேறு சொன்னார்கள். யானை வாயில் போன கரும்பு.

வெள்ளிக்கிழமை எது தவறியது? அவள் பாட்டைக் கெடுக்க மனசு வரவில்லை என்று எழுதினேனே, அது உண்மையா? உண்மைதான். முழு உண்மையா? அவள் போக மாட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் குளிர்ந்ததா இல்லையா? குளிர்ந்தது. எழுதிவிட்டேன். போதுமா?

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தம்தான் பேச்சு.

ஏப்ரல் 13, திங்கள்

முதல்வர் அம்மா கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்தார், ஆனால் கண்ணாடியில் காது பக்கம் திருகு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

நிர்வாகக் குழு அவரைக் கூப்பிட்டு வறுத்தெடுத்துவிட்டதாம். மறுப்பு எழுதிப் பையில் வைத்திருக்கிறார். பத்திரிகைக்குக் கொடுக்கப் போகும் வழியில்தான் வந்திருக்கிறார். இதற்கிடையே கல்லூரி அலுவலகத்தில் கூட்டமாம். மருந்துக் கடைப் பெண்கள், ஆஸ்பத்திரி உதவியாளர்கள், ஒரு பஸ் டிரைவரின் மனைவி. எல்லாரும் மாலைப் பிரிவுக்கு விண்ணப்பம் கேட்கிறார்கள். இல்லை என்றால், "பேப்பர்லயே போட்டிருக்கே" என்று நீட்டுகிறார்கள்.

"ஊர் வாயை மூட உலைமூடி எங்க சார் வாங்கறது?"

நான் திருகை முடுக்கினேன். முடுக்கியது போதாதென்று கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே அவளுக்கு நகரத்தில் கிடைத்த இடம், போன இடம், எல்லாம் சொன்னேன். அதுவரை படபடவென்று பேசியவர் கையை நீட்டினார்.

"கண்ணாடியை முதல்ல குடுங்க. முகம் தெரியாம எனக்குக் கோபம்கூட ஒழுங்கா வரல."

போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"எனக்கும் அந்தப் பிரிவு வேணும் சார். ரெண்டு இடத்துல முட்டுது. எங்க ஆசிரியர்கள் நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டாங்க. பாடம் எடுக்க ஆள் வேணும். அப்புறம், இருபது பேர் சேரலைன்னா குழு தலையாட்டாது. முதல்ல பாடம் எடுக்க ஆள் பிடிச்சுக் குடுங்க. அதுவரைக்கும் இந்த மறுப்பு என் பையிலயே இருக்கட்டும். வியாழக்கிழமை வரைக்கும்தான்."

திருகுக்குக் காசு கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன். "நன்றி சொல்ல மாட்டேன், பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 16, வியாழன்

கூட்டத்துக்கு முன்பே தலைவர் என்னைத் தூண் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். இவர்தான் ஊரின் கண் டாக்டர். இவர் எழுதும் சீட்டுதான் என் கடைக்குச் சோறு. "மன்னிப்புக் கேட்டுட்டு, செயலாளர் பொறுப்பை விட்டுடுங்க. சங்கத்துக்குக் கெட்ட பேரு" என்றார். சரி என்றேன். விட்டால் போதும் என்றிருந்தது.

எழுந்து சொன்னேன். அட்டையை முதல் நாளே எழுதும் வழக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஒரு வக்கீல் எழுந்தார்.

"அப்போ போன மாசம் என் பேச்சு நெஞ்சை உருக்கிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"அன்னிக்கு நான் டீக்கடையில இருந்தேன் சார்."

சிரிப்பு அடங்க நேரமானது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கேட்டுவிட்டேன். சாயந்திரம் பாடம் எடுக்க யாராவது இருக்கிறீர்களா? சேவைச் சங்கம்தானே இது? உடனே எல்லாருக்கும் கைக்கடிகாரத்தில் வேலை வந்துவிட்டது. தலைவர் முடிவு மணிக்குச் சுத்தியலை எடுத்தார்.

"நான் எடுக்கறேன்."

முன்வரிசை. தூங்குமூஞ்சியார். கண் மூடியபடியே.

"சார், முழிச்சுட்டுத்தான் பேசறீங்களா?" என்றார் தலைவர்.

"எப்பவும் முழிச்சுட்டுத்தான் இருக்கேன். கேக்கற மாதிரி ஒண்ணும் இல்லாததால கண்ணை மூடிக்கறேன்." இப்போது கண்ணைத் திறந்தார். "எந்தப் பொண்ணு எப்படி ரத்தம் எடுக்கும்னு எனக்குத் தெரியும். இவர் வீட்டம்மா என்கிட்ட வேலை பார்த்தவங்க. அந்த இடம் போயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். நான் எடுக்கறேன். கூட ரெண்டு பேர் வாங்க."

தலைவர் சுத்தியலைப் பிடித்த கையை அப்படியே வைத்திருந்தார். மணி அடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அவர் அடிக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் கை தூக்கும்வரை அடிக்கவே இல்லை. இரண்டாவது கை அவருடையது. "கண் மட்டும்தான் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டு அடித்தார்.

என் ராஜினாமாவைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

ஏப்ரல் 18, சனி

இருபது பேர் சேர்க்க முதல்வர் மே 15 வரை நேரம் கொடுத்திருக்கிறார். வீட்டில் எல்லாம் சொன்னேன். அவள் பக்கம் பார்த்தும் பார்க்காமலும் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இருபது பேருக்கு எங்க போவீங்க?"

ஒரு வாரத்தில் முதல் வாக்கியம்! "ஏதாவது பண்றேன்" என்றேன்.

"நீங்க பண்ணினதெல்லாம் போதும். நான் பார்த்துக்கறேன். நீங்க போய் நோட்டீஸ் ஒட்டுங்க."

"இன்னும் கோபமா?"

"கோபம் தனி. படிப்பு தனி."

ஏப்ரல் 25, சனி

முழங்கை வரை பசை. பஸ் நிலையம், சந்தை, ஆஸ்பத்திரிச் சுவர், என் கடைக் கண்ணாடி. மகள் எதிர்ப்பட்டு, தோழிகளோடு வந்ததால் என்னைத் தெரியாததுபோல் போனாள்.

மே 3, ஞாயிறு

அவள் வீடு வீடாகப் போகிறாள். மாமியார் தடை, புருஷன் தடை, கைக்குழந்தை தடை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று. எங்கே என்ன சொல்லிச் சமாளிக்கிறாளோ தெரியாது. ஓரிடத்தில் புருஷன்காரன், "சாயந்திரம் இவ போயிட்டா வீட்டை யார் பாக்கறது?" என்றானாம். இவள் "உங்களுக்குக் கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் பெண் மறுநாளே வந்து சேர்ந்துவிட்டாள்.

இதை மகளிடம்தான் சொன்னாள். நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு உரக்கச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதில் ஒரு ஆறுதல்.

மே 13, புதன்

இருபது பேரும் ஆகிவிட்டார்கள். இருபது! கடைக்கு வந்தவருக்கெல்லாம் கண்ணாடி துடைக்கிற துணி இலவசம். நாளை மறுநாள் ஐந்து மணிக்குப் பதிவு முடிகிறது.

மே 15, வெள்ளி

மூன்று மணிக்கு அவள் போன் செய்தாள். என் எண்ணுக்கு அவளாகப் போன் செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"டிரைவர் வீட்டம்மா வரலையாம். அவருக்கு வேற ஊருக்கு மாறுதலாம்."

"வேற யாரும்...?"

"எல்லாரையும் கேட்டாச்சுங்க." அழுகிறாளா என்று கேட்கப் பயமாக இருந்தது. "பத்தொன்பது பேர் கிடைச்சும்..." என்று ஆரம்பித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

என்ன செய்ய? யாரைப் பிடிக்க? இரண்டு முறை கடையைப் பூட்டித் திறந்தேன். ஒரு பெண் கண்ணாடி கேட்டு வந்தாள். உனக்குப் படிக்க இஷ்டமா என்று கேட்டேன். பயந்து போய்விட்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை...

பள்ளிக்கூடத்தில் அறிவியல் பிரிவு முடித்தவர் யாராக இருந்தாலும் சேரலாம். வயசு வரம்பு இல்லை. நோட்டீசில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நான்தானே ஒட்டினேன்.

இப்போது மணி நாலு. சான்றிதழ் வீட்டுப் பரணில் எங்கேயோ. ஏணி வேண்டும்.

ஜூன் 22, திங்கள்

முதல் நாள் வகுப்பு.

கடையை நாலு மணிக்கே மூடிவிட்டேன். வாசலில் பலகை மாட்டியிருக்கிறேன். "உரிமையாளர் படிக்கப் போயிருக்கிறார்." மகள் எழுதிக் கொடுத்தது, நமுட்டுச் சிரிப்போடு. எங்கள் இரண்டு பேர் டிபன் டப்பாவையும் மகள்தான் கட்டினாள். "ரெண்டு பேரும் சண்டை போடாம படிச்சுட்டு வாங்க."

புதுக் கட்டடம் இன்னும் அஸ்திவாரக் குழியாகத்தான் இருக்கிறது. பழைய ஆய்வகத்தில் விளக்கைப் போட்டு உட்கார வைத்தார்கள். அவள் முதல் வரிசை. நான் கடைசி பெஞ்ச், ஜன்னல் பக்கம். நான் சேர்ந்த அன்றைக்கு அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுத்துமே" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அந்த விஷயத்தைப் பேசவே இல்லை.

தூங்குமூஞ்சியார் உள்ளே வந்தார். இந்த மனுஷனையா இத்தனை வருஷம் அப்படிக் கூப்பிட்டோம்? இளைஞன்போல நடந்து நடந்து பேசினார். எனக்குப் பகல் முழுக்க நின்ற அலுப்பு, கண் சொருகியது.

"கடைசி பெஞ்ச்! தூக்கமா?"

"கேட்டுட்டுத்தான் சார் இருக்கேன். கண்ணை மட்டும் மூடிக்கிட்டேன்."

வகுப்பே சிரித்தது. அவள் திரும்பவில்லை, ஆனால் தோள் குலுங்கியது. நான் பார்த்தேன்.

கடைசியாக, ரத்தம் எடுப்பதை ஒருதரம் செய்து காட்டச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். யாராவது கை கொடுங்கள் என்றார். இத்தனை பேர் இருந்தும் ஒரு கை நீளவில்லை. எல்லாருக்கும் திடீரென்று நோட்டில் எழுத வேலை. எழுந்து போனேன். சட்டைக் கையை மடித்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

பட்டையை இறுக்கிக் கட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினாள். விரலால் நரம்பைத் தேடினாள்.

"ஆடக் கூடாது. ஒரு இடத்துல ஒரு நிமிஷம் உக்காந்திருக்கீங்களா எப்பவாவது?" இது எல்லாருக்கும் கேட்கும்படி. அப்புறம் குனிந்து, எனக்கு மட்டும், "நீங்க சொல்லாத வெள்ளிக்கிழமைக்கு இது" என்றாள்.

குத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"தலை சுத்துதா?"

"சுத்துது."

"அப்போ என்னைப் பாருங்க. ஊசியைப் பார்க்காதீங்க."

பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆடவில்லை.